மேனேஜருக்கு வீடு பார்த்தது

போட்டோக்காரருக்குச் சிரிப்பு பிடிக்காது என்று சொல்ல முடியாது. தொழிலுக்கு ஆகாது, அவ்வளவுதான். பாஸ்போர்ட் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் செருகிவைத்தது போன்ற அவருடைய ஸ்டூடியோவில் ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் துணி, இரண்டு விளக்குகள். வருகிறவர்களிடம் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"வாய மூடுங்க. ரெண்டு காதும் தெரியணும். நேரா பாருங்க. சிரிக்காதீங்க."

கல்யாணமான கையோடு வெளிநாடு கிளம்புகிற பையன்களிடமும் இதையேதான் சொன்னார். அவர்களில் சிலர் அதற்குப் பிறகு சிரிக்கவே இல்லை என்று கேள்வி.

எடுத்து முடித்ததும் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். கறுப்பாக விழுந்திருக்கிறதே, கன்னம் உப்பின மாதிரி இருக்கிறதே, நான் இப்படியா இருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்வதில்லை.

அவருடைய மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வார்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் நோயாளிகளே போர்வையின் மடிப்பைச் சரிசெய்துகொள்வார்கள். வீடும் அப்படித்தான். தரையில் முகம் பார்க்கலாம். போட்டோக்காரர் சில நாள் பார்த்தும் இருக்கிறார்.

மனைவியின் தங்கை நேர் எதிர். பகலில் ஒரு தையல் மெஷின் கம்பெனியில் வேலை, மற்ற நேரமெல்லாம் நாயும் பூனையும். தெருவில் அடிபட்டது, வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போனது, அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடியது என்று எல்லாவற்றையும் ஒரு வாடகை வீட்டில் சேர்த்து, ஊசி போட்டு, புழு மருந்து கொடுத்து, குட்டி போடாமல் ஆபரேஷன் செய்து, தத்துக் கொடுப்பாள். ஆனால் யாரும் சும்மா வந்து தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. முதலில் அவள் போய் வீட்டைப் பார்ப்பாள். கட்டிலுக்கு அடியில் குனிவாள். ஜன்னல் கம்பியை ஆட்டுவாள். வீட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை வரும் என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பாள். பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு பார்ப்பதில்லை என்று ஒரு வக்கீல் அவளிடமே சொன்னார்.

"அதனாலதான் சார் உங்களுக்கு அத்தனை கேஸ் வருது," என்றாள் அவள். வக்கீலுக்குப் பூனை கிடைக்கவில்லை.

ஒருநாள் அவள் ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மாமா, நான் படம் எடுத்தா மூக்கு மட்டும்தான் வருது. நீங்க வந்து எடுத்துக் குடுங்களேன். படம் நல்லா இருந்தாதான் நாலு பேரு கேப்பாங்க."

போட்டோக்காரர் வெள்ளைத் துணியோடும் விளக்குகளோடும் போனார். தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் எடுத்தார். வாய் மூடியிருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், பார்வை நேராக. ஒரு நாய்க்குக் காது மடிந்தே இருந்தது. அதைக் கொழுந்தியாள் விரலால் தூக்கிப் பிடித்தாள். விரலைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்தார்.

படங்கள் இணையத்தில் ஏறின. நாய்கள் எல்லாம் ஏதோ ஒரு குற்றத்தில் பிடிபட்டவை போல இருந்தன. பூனைகள் ஒப்புக்கொண்டுவிட்டவை போல இருந்தன. வாரம் முழுக்க வந்தது ஒரே ஒரு போன். "இந்த நாய் என்ன பண்ணிச்சு? எங்க தெருப் பக்கம் பாத்த மாதிரி இருக்கு."

"தத்துக்குக் குடுக்கன்னு எடுக்கச் சொன்னா, போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டற மாதிரி எடுத்து வச்சிருக்கீங்க மாமா," என்றாள் கொழுந்தியாள்.

"எந்த ஆபீஸ்லயும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. அளவெல்லாம் சரியா இருக்கு."

"இதுங்களுக்கு விசா வேணாம் மாமா. வீடு வேணும்."

அவள் செல்போனில் தானே மறுபடி எடுத்தாள். நாக்கும் வாலும் ஆட்டமுமாக வந்தன. ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. போட்டோக்காரர் வருத்தப்படவில்லை. படம் எடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேறொன்று கிடைத்திருந்தது.

அது ஒரு பழுப்பு நாய். வயதானது. கீழ்ப்பல் ஒன்று எப்போதும் வெளியே தெரியும். வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் எல்லோரையும் ஏன் இவ்வளவு தாமதம் என்பதுபோல் ஒரு பார்வை பார்க்கும். அதனால் பெயர் மேனேஜர். முன்பு ஒரு ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவரோடு இருந்ததாம். அவர் போனதும் பிள்ளைகள் பாத்திரம் பண்டத்தைப் பங்கு பிரித்தார்கள். இது யார் பங்கிலும் வரவில்லை.

விரித்த வெள்ளைத் துணியில் தானாக வந்து உட்கார்ந்து, சொல்வதற்கு முன்னால் வாயை மூடி, நேராகப் பார்த்தது இது ஒன்றுதான். முடிந்ததும் எழுந்து போயிற்று. எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு வாடிக்கையாளர் தனக்கு வாய்த்ததில்லை என்று போட்டோக்காரருக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு, கடையைப் பூட்டியதும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. இருவரும் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு எதுவும் கிடையாது.

இந்த நிலையில் வாடகை வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கொழுந்தியாள் ஒரு பெண்கள் விடுதியில் அறை பார்த்துக்கொண்டாள். அங்கே எறும்பு வளர்க்கக்கூட அனுமதி இல்லை. மிச்சமிருந்த பூனைகளை ஒரு டீச்சர் எடுத்துக்கொண்டார். நாய்களுக்கும் இடம் கிடைத்தது. மேனேஜரை மட்டும் யாரும் கேட்கவில்லை. செல்போன் படத்திலும் அது சிரிக்கவில்லை.

ஊருக்கு வெளியே பெரிய காப்பகம் ஒன்று உண்டு. நல்ல மனிதர்கள்தான். ஆனால் கூண்டு கூண்டாக நாய்கள், ஓயாத குரைப்பு. முன்பு ஒருமுறை மேனேஜரை அங்கே விட்டுப் பார்த்திருந்தாள். சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டது. எலும்பும் தோலுமாகத் திருப்பிக் கூட்டிவந்தாள்.

"இந்த வயசுல மறுபடி அங்க போனா, அவ்வளவுதான் மாமா."

அன்று சாப்பிடும்போது போட்டோக்காரர் பேச்சை எடுத்தார்.

"இந்த மேனேஜர் இருக்காரில்ல..."

"எந்த மேனேஜர்?"

"நாய்."

"நாய்க்கு என்ன அவ்வளவு மரியாதை?"

"வயசானவரு. தங்க ஒரு இடம் தேவைப்படுது."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "வார்டுல நாப்பது படுக்கை. அத்தனையும் பாத்துட்டு வரேன். வீட்டுக்கு வந்தும் ஒருத்தர் மூத்திரம் அள்ளணுமா? நாய் உள்ள வந்தா நான் வெளிய போறேன். என் தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க."

அவர் சொல்லவில்லை. கொழுந்தியாளிடம் போய், "வீட்ல கேட்டிருக்கேன்," என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. பதிலைத்தான் விட்டுவிட்டார்.

"சந்தோஷம் மாமா," என்றாள் அவள். "ஆனா அக்கா வீடுங்கறதுக்காக சும்மா குடுத்துட முடியாது. வந்து பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தபோது தங்கை சோபாவுக்கு அடியில் தலையை விட்டிருந்தாள்.

"என்னடி தேடற?"

"தேடலக்கா. பாக்கறேன்."

"என்னத்த?"

"மாமா மேனேஜர கேட்டாரில்ல. வீடு பாக்க வந்தேன்."

மனைவி போட்டோக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் வாயை மூடி, நேராகப் பார்த்தபடி, அசையாமல் இருந்தார். நல்ல படம் விழுந்திருக்கும்.

அன்று அவருக்கு நன்றாகத் திட்டு விழுந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் கொழுந்தியாள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"சாரி மாமா. இந்த வீடு சரிப்படாது."

மனைவி மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள். "என்ன சொன்ன?"

"சரிப்படாதுன்னேன்."

"என் வீடா?"

"தரை கண்ணாடி மாதிரி வழுக்குதுக்கா. வயசான நாய்க்கு இடுப்பு போயிடும். பினாயில் நெடி எனக்கே கண்ணு எரியுது, அது மூக்குக்கு எப்படி இருக்கும்? பகல்ல ஆளும் கிடையாது."

"பகல்ல ஸ்டூடியோல இருக்கலாம்," என்றார் போட்டோக்காரர். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"அப்புறம்," கொழுந்தியாள் கொஞ்சம் இழுத்தாள், "உனக்கு மூக்கு மேல கோபம் வரும். என்னிக்காவது ஒருநாள் அது தரையில போயிடும். அன்னிக்கே வெளிய தொரத்திடுவ. ரோட்டுல அடிபட்டுச் சாகறதுக்குக் காப்பகமே மேல்."

"கோபமா? எனக்கா?" என்று மனைவி கத்தினாள்.

கத்தியது ஜெராக்ஸ் கடை வரை கேட்டிருக்கும்.

"நாப்பது பேர வச்சுப் பாக்கறேன்டி நான். ஒரு நாயப் பாக்க எனக்குத் தகுதி இல்லியா? அந்த மூணாவது மாடிக்காரன் வீட்ல ஒட்டடை மூஞ்சில இடிக்குது. அவனுக்கு ரெண்டு பூனை குடுத்திருக்க!"

"அவன் பூனைகிட்ட கத்த மாட்டான்."

"நான் வேணாம்னு சொன்னா அது வேற. நீ எப்படிடி தர மாட்டேன்னு சொல்லலாம்?"

இந்த வாக்கியத்தில் ஒரு சின்னக் கதவு திறந்திருப்பதைப் போட்டோக்காரர் கண்டார். அதன் வழியாகத் தலையை நீட்டாமல் இருக்கும் அளவுக்கு அவருக்குக் கல்யாண அனுபவம் இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

அந்த வாரம் வீட்டில் நாய் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் கூடத்தில் கயிற்றுப்பாய்கள் வந்தன. நகராமலிருக்க அவற்றின் அடியில் ஆஸ்பத்திரி ரப்பர் ஷீட் வந்தது. பினாயில் பாட்டில் பரணுக்குப் போயிற்று. சனிக்கிழமை மனைவி தங்கைக்குப் போன் செய்து, "வந்து பாரு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

தங்கை வந்தாள், பாய்மேல் குதித்துப் பார்த்தாள், முகர்ந்தாள். "ரெண்டு வாரம் வச்சுப் பாக்கலாம். பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்."

"யாருக்குப் பிடிக்கலன்னா?"

"அதுக்குத்தான்."

மேனேஜர் வந்தது. பகலில் ஸ்டூடியோவில் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வாடிக்கையாளர்கள் அதன் பார்வையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் மனைவி அதைத் தொடவில்லை, கொஞ்சவில்லை. வேளை தவறாமல் மூட்டுவலி மாத்திரையை நீட்டி, வார்டுக் குரலில் "மருந்து" என்பாள். அது வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும்.

"மனுஷங்க இப்படி முழுங்கினா நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவேன்," என்றாள் ஒருநாள், யாரிடம் என்றில்லாமல். போட்டோக்காரர் அதைக் கேட்காதது போல இருந்தார்.

இரண்டாவது வாரம் முடிகிற அன்று தங்கை வந்தாள். வாசலில் அவள் குரல் கேட்டதும் மேனேஜர் அவசரமாக எழுந்தது. பின்னங்கால்கள் உடனே ஒத்துழைக்கவில்லை. ஒருவழியாக நின்றது. நின்ற இடத்திலேயே, இரண்டு பாய்களுக்கு நடுவே பளபளத்த தரையில், நீளமாக, நிதானமாக, ஒன்றுக்குப் போய்விட்டது.

வெளியே கொழுந்தியாள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

போட்டோக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டில் ஒரு துளி மருந்து சிந்தினால் ஆளைக் கூப்பிட்டு நிற்கவைக்கிறவள். அவள் மூக்கு விடைத்தது. கை மேஜைமேல் போயிற்று. அங்கிருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து, தரையில் அந்த ஈரத்தின்மேல் அப்படியே கவிழ்த்தாள்.

"பாத்து வாடி," என்றாள். "தண்ணி கொட்டிட்டேன்."

கொழுந்தியாள் உள்ளே வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள்.

"மஞ்சளா இருக்கே."

"குழாய்ல அப்படித்தான் வருது. ஒரு வாரமா."

கொழுந்தியாள் குனிந்து மூக்கை உறிஞ்சினாள். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜக்கைக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள்.

"இந்தத் தண்ணியத்தான் குடிக்கறீங்களா?"

"காய்ச்சிக் குடிக்கறோம்," என்றார் போட்டோக்காரர்.

மேனேஜர் ஈரத்தைச் சுற்றிக்கொண்டு போய் மனைவியின் காலுக்குப் பின்னால் படுத்தது.

"எனக்கு டீ வேணாம்க்கா," என்றாள் கொழுந்தியாள். "அடுத்த மாசம் அதுக்கு ஊசி இருக்கு. மறந்துடாத."