வியாதி மேல் கொடுத்த பிராது

விருத்தாசலம் பாலக்கரை பஸ் ஸ்டாப்பில் போன வாரம் ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா வீட்டுக்காரர் வழியில் தூரத்துச் சொந்தம். கல்யாண வீடுகளில் மட்டும் பார்த்துச் சிரித்துக்கொள்கிற பழக்கம்.

“உங்க அக்கா இப்ப நல்லா இருக்குதாமே! பார்த்தியா, சாமி கண்ணைத் தொறந்துட்டாரு. அந்தப் பொம்பளைய ஒதுக்குனதும் எப்படித் தேறிடுச்சு பாரு!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் சேத்தியாத்தோப்பு பஸ் வந்துவிட்டது. அவர் ஏறி, ஜன்னல் சீட் பிடித்து, எனக்கு டாட்டாவும் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவரிடம் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குள்ளேயே நிற்கிறது. அதை எங்கே கொட்டுவது? வாரா வாரம் என்னைப் பொறுத்துக்கொள்கிற உங்களிடம்தான்.

என் அக்கா மல்லிகா. அவளுடைய வீட்டுக்காரர் — எனக்கு மாமா — செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார். கொலு பொம்மை, உண்டியல், தோட்டத்தில் வைக்கிற வாத்து... இப்படிச் சின்னச் சின்னச் சாமான்கள். பொம்மைக்கு மூக்கு, வாய், புடவைக் கரையெல்லாம் யார் வேண்டுமானாலும் தீட்டலாம். கண் மட்டும் அக்காதான். அவள் கண் எழுதினால்தான் பொம்மை நம்மைப் பார்க்கும்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், மாமா போன் செய்தார். “உங்க அக்கா பிரஷ்ஷைக் கையில வச்சிக்கிட்டு சும்மாவே குந்தியிருக்கா. என்னன்னு கேளு.” ஆர்டர் நிற்கிறதே என்பது அவர் கவலை.

போய்ப் பார்த்தேன். தலை சீவவில்லை. குளித்ததாகத் தெரியவில்லை. முன்னால் வரிசையாகக் கண் இல்லாத பொம்மைகள். “என்னக்கா?” என்றேன். “ஒண்ணுமில்ல... தண்ணி மோந்து குடிக்க எழுந்திருக்கணும்னாலே மலைப்பா இருக்குது” என்றாள். அவ்வளவுதான். அழுகை இல்லை, சண்டை இல்லை, காரணமும் இல்லை.

காரணம் இல்லாத துக்கத்தை நம் ஊர் மன்னிக்கவே மன்னிக்காது, கவனித்திருக்கிறீர்களா? கடன் என்றால் சரி, சாவு என்றால் சரி. ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி படுத்துக்கொண்டால் — கொழுப்பு! ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. காலையில் வாக்கிங் போகச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் சூரியகாந்திப் பூவோடு தன்னம்பிக்கை வாசகங்கள் வந்து விழுந்தன. எதிர் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் வெளிப்படையாக, “வேலை வெட்டி இல்லாத பொம்பளைக்கு வர்ற நோயி இது” என்றார். என் அக்கா இருபது வயதிலிருந்து உழைக்கிறவள். அவர் ரிட்டையர் ஆகித் தின்றுவிட்டுத் தூங்குகிறவர்.

இத்தனை பேரில் வாயை மூடிக்கொண்டு காரியம் பார்த்தவள் ஒருத்திதான். தனம். மாமாவின் தம்பி மனைவி, அக்காவுக்கு ஓரகத்தி. இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டைப் பாகம் பிரித்ததில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தனம் வருவாள். கொல்லைப்பக்க வழியாக வந்து, வெந்நீர் போட்டு, “எழுந்திரிக்கா, தலைய மட்டும் நனைச்சிக்க, போதும்” என்று கெஞ்சிக் குளிக்க வைப்பாள். ரசம் சோறு பிசைந்து ஊட்டுவாள். அக்கா பேசவில்லை என்றால் அவளும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். டாக்டரிடம் போகலாம் என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

“பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? நாளைக்கு எம் பொண்ணுக்கு எவன் வருவான்?” — இது மாமா.

டாக்டருக்குப் பதிலாக அவர் போனது சாமியிடம். பெயர் சொல்லத் தேவையில்லை, விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்துச் சாமியிடம் வேண்டிக்கொள்வது மட்டுமில்லை, பிராதும் கொடுக்கலாம். ஆடு திருட்டு, நம்பிக்கைத் துரோகம், போலீசும் கோர்ட்டும் கைவிட்ட வழக்கு எல்லாம் அங்கே போகும். பேப்பரில் எழுதிச் சாமி முன்னால் வைத்து, பூசாரி கையால் திரும்ப வாங்கி, சன்னதியில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிப்பார். நம் வீட்டுத் தூரத்தைக் கணக்குப் பார்த்து, அவர் விசாரிக்க வந்துபோகிற செலவுக்குப் படிக்காசுகூட உண்டு. நியாயம் கிடைத்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கேட்க நாதியில்லாத எத்தனையோ பேருக்கு அது ஒரு தெம்பு.

ஆனால் பிராது என்றால் எதிரி வேண்டுமே! ஆட்டுக்குத் திருடன் இருப்பான். மனச்சோர்வுக்கு யார் இருப்பார்கள்? மாமா யோசித்திருக்கிறார். பாகப் பிரிவினை ஞாபகம் வந்திருக்கிறது. தினமும் சோறு ஊட்டுகிறவள் எதையாவது கலந்து ஊட்டுகிறாள் என்று தோன்றியிருக்கிறது. எழுதிவிட்டார், தனத்தின் பெயரை.

எங்கள் ஊரில் இதெல்லாம் ரகசியமாக நிற்குமா? அவர் கோயிலில் இருந்து பைக்கில் திரும்புவதற்குள் செய்தி தனத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. அவள் எனக்குப் போன் செய்தாள். “எம் பேரை எழுதிக் கட்டிட்டாங்களாமே... நான் என்னா பண்ணேன்?” என்றாள். அவளுக்கும் அதே சாமிதான் சாமி, அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

அக்கா அதற்கப்புறம் சரசரவென்று கீழே போனாள். குளியல் நின்றது. சோறு நின்றது. ஒருநாள் என்னிடம் சாதாரணமாக, பால் வாங்கி வரச் சொல்கிற குரலில், “நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதியா இருக்குமில்ல?” என்றாள்.

நான் மாமாவிடம் அனுமதி கேட்கவில்லை. கார் பிடித்தேன். அவர் பயந்துபோய்த் தானாகவே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

கடலூரில் மனநல டாக்டர், சின்ன வயதுப் பெண். அக்காவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு நான் கேட்டேன், “மாத்திரை அவசியமா டாக்டர்?”

“வருத்தம் எல்லாருக்கும் வரும்ங்க, வந்தா போவும். அதுக்கெல்லாம் மாத்திரை வேணாம். லேசா இருந்தா பேச்சு, பழக்கவழக்கம், பக்கத்துல ஆளு — இதுலயே சரியாவும். ஆனா வாரக்கணக்குல தங்கி, தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாத்தையும் பிடுங்கிடுச்சுன்னா காட்டியாகணும். சாகணும்னு தோணிடுச்சுன்னா அன்னைக்கே வரணும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. இவங்களுக்கு மாத்திரை வேணும். கேக்க சில வாரம் ஆகும். நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தக் கூடாது.”

எழுதிக்கொண்டே கேட்டார்: “இத்தனை நாள் சாப்பிட வச்சது யாரு?”

தனத்தைப் பற்றிச் சொன்னேன். “நல்லா பார்த்திருக்காங்க. அவங்கள தொடர்ந்து வரச் சொல்லுங்க, அதுவும் வைத்தியம்தான்” என்றார். மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை மெதுவாகக் கேட்டது. முதலில் தூக்கம். பிறகு பசி. போன மாதம் ஷெட்டுக்குப் போய் ஒரு வரிசைப் பொம்மைக்குக் கண் எழுதிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிராதை வாபஸ் வாங்கச் சொல்லி மாமாவிடம் நின்றேன். அவர் சொன்னதைக் கேளுங்கள்: “எதுக்கு? அவ வரதை நிறுத்துனா, இவ தேறுனா. சாமி கேட்டுட்டாரு. மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும்.” காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! சீட்டு, பில், மாத்திரை அட்டை எல்லாம் காட்டினேன். அக்கா தேறத் தேறத் தனத்தின் மேல் குற்றம்தான் உறுதியாகிக்கொண்டே போனது. பஸ் ஸ்டாப் அம்மாள் வரைக்கும் தீர்ப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, பார்த்தீர்களா?

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளாகவே தலை சீவி, பூ வைத்துக்கொண்டு, “தனம் ஏன் வரதே இல்ல? நானே போயிட்டு வரேன்” என்று கிளம்பிவிட்டாள். நான் கூடவே ஓடினேன்.

தனம் கதவைத் திறந்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. கையை நீட்டினாள்... பிறகு இழுத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கியாக்கா? அது போதும். உள்ள வராத. நாளைக்கு உனக்கு லேசா தலைவலி வந்தாகூட எம் பேருதான் வரும். நீ நல்லா இருக்கணும்... வூட்டுக்குப் போ.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அக்காவின் மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லிவிடுவார். தனம் எப்போது வரலாம் என்று யார் சொல்வார்கள்?