மூடிய வாய்க்கால்

வாய்க்காலை மூடச் சொன்னது தவறா, மூடாமல் விட்டிருந்தால் அதுதான் தவறாகியிருக்குமா? இரண்டு வருடமாகிறது, எனக்கு இன்னும் தெரியவில்லை.

விக்கிரமங்கலத்துக்கு வெளியே, வயலுக்கு நடுவில் எங்கள் வீடு. ரோட்டிலிருந்து வாசல் வரை சரளைப் பாதை. எங்கள் கரிசல் மண் கல்லை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் என் மாமனார், ஓரத்துக்கு ஒதுங்கிய சரளையை வாரி நடுவில் போட்டு, பாதையை ஆமை முதுகு போல மேடாக்கி வைப்பார். வழியும் தண்ணீர் இறங்க, இரு பக்கமும் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால்.

நடக்கப் பழகிய புதிதில் என் மகன் அந்த வாய்க்காலில்தான் குப்புற விழுந்தான். கணுக்கால் அளவுத் தண்ணீர். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தூக்கியபோது உதடு நீலமாக இருந்தது. முதுகில் தட்டத் தட்ட, இருமி, பிறகுதான் அழுதான்.

அடுத்த வாரம் பாதைக்குச் சரளை வந்த அன்று, மாமனார் ஒரு கல்யாணத்துக்காக மீன்சுருட்டி போயிருந்தார். டிராக்டர்காரரிடம் வாய்க்காலில் கொட்டச் சொன்னேன்.

“பெரியவருக்குத் தெரியுங்களாம்மா?”

“நான் சொல்லிக்கிறேன். கொட்டுங்க.”

திரும்பி வந்தவர் நின்று பார்த்தார். “புள்ளைக்காகத்தானே செஞ்ச. மழைக்கு முன்னால தோண்டிடுவோம்” என்றார். நான்தான் அழுது தடுத்தேன்.

ஐப்பசியில் மழை வலுத்தது. போக்கிடம் இல்லாத தண்ணீர் பாதை மேலேயே ஓடி, சரளையை அடித்துக்கொண்டு போயிற்று. மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி சேற்றில் அமிழ்ந்தது. முட்டுக் கொடுக்கப் போன மாமனாரின் பாதத்தில் சக்கரம் ஏறியது. அன்றிலிருந்து விந்தி நடக்கிறார். குனிந்து சரளை வார முடியவில்லை. பாதையும் பாழாய்ப் போனது.

அவர் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. யார் வந்தாலும் சிரித்துக்கொண்டே, “எம் மருமவ படிச்சவ. தண்ணிக்கே லீவு வுட்டுட்டா” என்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். நான் காபி கொடுப்பேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை பிழைத்ததைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இப்போது இரண்டாவது குழந்தை, மகள், தவழ்கிறாள். புரட்டாசி பாதி போய்விட்டது.

“என்னம்மா, ஆள் வச்சு வாய்க்காலத் தோண்டவா?” என்று நேற்று மாமனார் கேட்டார். அது மரியாதையா, குத்தலா?

“நாளைக்குச் சொல்றேன் மாமா” என்றேன்.

கரிசல் நிலத்தில் வீடும் கைக்குழந்தையும் உள்ளவர்கள் எழுதுங்கள். தண்ணீரும் போக வேண்டும், குழந்தையும் விழக் கூடாது என்றால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பலகைக் கல் போட்டு மூடுகிறீர்களா, முள்வேலி கட்டுகிறீர்களா? மழை தொடங்குவதற்குள் சொல்லுங்கள்.