பன்னீர் பஸ் ஓட்டிய சவரிமுத்து

கோத்தா திங்கியில் வண்டி நின்றபோது வாழைத்தாரோடு ஏறிய ஒருவர்தான் சொன்னார். "தெரியுமாலா, சவரி போயிட்டாரு. காய்ச்சல் எறங்கவே இல்லையாம். காலையில ஆஸ்பத்திரியில." நான் அவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். பின்னால் நின்றவருக்கும் கொடுத்தேன். கம்பியைத் தட்டி, "போலாம்!" என்று குரல் கொடுத்தேன். மெர்சிங் வரை ஒரு நிறுத்தம் விடாமல் பெயர் சொல்லிக் கூவினேன் என்று, சவரி அண்ணன் படுத்த நாளிலிருந்து வண்டி ஓட்டும் மாற்று டிரைவர் பிறகு சொன்னார். எனக்கு அதில் எதுவும் நினைவில்லை.

பத்திரிகையில் இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேராவது அவர் வண்டியில் ஏறியிருப்பீர்கள். ஏறியவர்கள் எல்லோரும் அவரைப் 'பன்னீர் சவரி' என்று சொல்லிச் சிரித்திருப்பீர்கள். நானும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறேன். ஏழு வருடம் அவர் வண்டியில் கண்டக்டராக இருந்தவன் நான். அந்தப் பெயர் எப்படி வந்தது, அது ஏன் கேலியாக மாறியது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

மெர்சிங் சாலையில் உள்ள பெரிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். எல்லா பஸ்ஸும் அதில் பாதி ஏறியதும் கொதிக்கும். ஆட்கள் இறங்கி, மூட்டையும் பிள்ளையுமாக மேலே நடப்பார்கள். வண்டி ஆறியபின் மெல்ல வந்து ஏற்றிக்கொள்ளும். சவரி அண்ணனுக்கு அது பிடிக்காது. "டிக்கெட்டு வாங்கினவங்கள மலையேற விடுறது நாயமா?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பட்டறைக்கு வந்தார். மெல்லிய செப்புக் குழாய் ஒன்றில் ஊசிமுனை அளவுக்குத் துளைகள் போட்டு ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினார். கூரைமேல் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறையத் தண்ணீர். அங்கிருந்து ரப்பர்க் குழாய் இறங்கி வரும். தன் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு திருகு வைத்துக்கொண்டார். ஏற்றம் வந்ததும் அதைத் திறந்தால் தண்ணீர் புகைபோல் ரேடியேட்டர்மேல் படியும். சூடு அடங்கிவிடும்.

முதல் நாள் வண்டியில் வந்து அதைப் பார்த்த சலவைக்கடைக்காரர் ஒருவர், "அலமாக்! எஞ்சினுக்குக் கல்யாணமா? பன்னீர்லாம் தெளிக்கிறீங்க!" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அன்று வண்டி நிற்காமல் உச்சி ஏறியது. ஆட்கள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கத்தாதீங்கலா, இன்னும் எறக்கம் இருக்கு," என்றார்.

தகரத்தில் தண்ணீர் நிரப்புவது என் வேலை. "கெணத்துத் தண்ணி மட்டும் எடு. துணியில வடிகட்டி ஊத்து. தொள அடைச்சா நம்ம கத முடிஞ்சிச்சி," என்று சொல்லி, ஒரு மல் துணியும் கொடுத்திருந்தார். நான்கைந்து மாதம் அப்படியே செய்தேன். பிறகு மழை பொய்த்தது. மெர்சிங்கில் கிணற்றடியில் வரிசை நீண்டது. வண்டி புறப்படும் நேரம் நெருங்கும்போதும் என் முறை வராது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆற்றுத்துறை. யாராவது குடிக்கவா போகிறார்கள், இரும்பின்மேல் தெளிக்கத்தானே என்று ஆற்றிலேயே மொண்டுவிட்டேன். கடல் ஏறி வரும் ஆறு அது. ஆனால் அவர் சொன்னபடி துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். உப்பு துணியில் நிற்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படிப் பத்து நாட்களுக்குமேல் ஊற்றினேன்.

ஒரு நடுப்பகலில், ஏற்றத்தின் பாதியில் அவர் திருகைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. இன்னும் திறந்தார். வண்டி கொதித்து நின்றது. ஆட்களை இறக்கிவிட்டு எஞ்சின் மூடியைத் தூக்கிக் குனிந்தபோது வெந்நீர்க் குழாய் பிய்ந்துகொண்டு அவர் வலது கைமேல் அடித்தது. முழங்கை வரை தோல் வெந்துவிட்டது. அவர் கத்தவில்லை. சாலையோரம் உட்கார்ந்து, இடது கை நகத்தால் செப்புக் குழாயின் துளை ஒன்றைச் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

மறுநாள் பட்டறையில் முதலாளி தவுக்கே எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டார். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நானே அப்படித் தோட்டத்திலிருந்து கழிக்கப்பட்டு வந்தவன். இந்த வேலையும் போனால் எனக்கும் கப்பல்தான். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வாயைத் திறக்க நினைத்தேன். திறக்கவில்லை. சவரி அண்ணன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தொள ரொம்பச் சின்னதா போட்டுட்டேன் தவுக்கே. என் தப்பு. இவன் சொன்னபடிதான் செஞ்சான்."

குழாயை அன்றே கழற்றி எறிந்தார்கள். மறுபடி செய்து மாட்டுகிறேன் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். தவுக்கே இசையவில்லை. அதன்பின் எங்கள் வண்டியும் பாதி ஏற்றத்தில் நின்றது. ஆட்கள் இறங்கி நடந்தபடி, "என்ன பன்னீர், தீந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் சக்கரத்தைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருப்பார். வருடங்கள் கழித்து ஒருமுறை, அந்த இடத்தில் வண்டி ஆறக் காத்திருந்தபோது, "அண்ணே, அன்னிக்கித் தண்ணி..." என்று ஆரம்பித்தேன். "தெரியும்லா," என்றார். "போ, ஆளுங்கள ஏத்து."

கல்லறையில் நான் பெட்டியின் வலப்பக்கம் பிடித்திருந்தேன். கனம் தெரியவில்லை. சாமியார் ஜெபித்தது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. எல்லோரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். திரும்பி வரும்போது வேறு பஸ்ஸின் டிரைவர் ஒருவர், "நல்ல மனுசன். அந்தப் பன்னீர்க் கூத்துதான் அவரக் கெடுத்துச்சு," என்றார். நான் "ஆமா" என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் எதற்குத் தலையாட்டினேன் என்பது உறைத்தது. அப்போதும் அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. உட்கார்ந்து இதை எழுதத்தான் முடிந்தது.

அவர் செய்த குழாயில் ஒரு குறையும் இல்லை. கெடுத்தவன் நான். இதைத் தவுக்கேக்கு யாராவது வாசித்துச் சொல்வார்கள். நாளை எனக்கு வேலை இருக்குமோ, தெரியாது.

அவர் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு பொருளும் இல்லை. என் மகள் இந்த ஊரிலேயே பிறந்தாள், இங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். சவரி அண்ணன் பொய் பேசுகிற ஆள் இல்லை. நான் அறிந்து அவர் சொன்ன பொய், அன்று தவுக்கேயிடம் சொன்ன அது ஒன்றுதான். அன்றிலிருந்து என் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.