பீரங்கிக்காரரின் தணல்சட்டி

ஒல்லாந்தர் கோட்டையில் பீரங்கி துடைத்தவர் அவர். ஆனால் ஒல்லாந்தர் இல்லை, அயர்லாந்து என்ற தீவுக்காரர். வெந்த இறால் நிறத்தில் தாடி. விஷக்காய்ச்சலில் கோட்டை வைத்தியரே கைவிட்ட பிறகு அவரைத் தாங்கியது என் கைக் கஞ்சிதான். பெருமைக்குச் சொல்லவில்லை, பழவேற்காடே சொல்லும்.

கட்டிலருகே ஒரு சட்டியில் தணலைச் சாம்பலால் மூடி வைத்திருப்பார். விடிந்ததும் சாம்பலை விலக்கித் தானே ஊதுவார். பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்ததே இல்லையாம். யார் நோயில் விழுந்தாலும், விழுந்தவரையே ஊதச் சொல்வாளாம் அவர் அம்மா. ஊதித் தணல் எழுந்துகொண்டிருக்கும்வரை சாவு வாசலைத் தாண்டி உள்ளே வராதாம்.

ஒருநாள் எவ்வளவு ஊதியும் தணல் எழவில்லை. அவர் முகம் வெளுத்தது. நான் குனிந்தேன்.

“வேணாம் அக்கா. எங்க வூட்டாளுதான் ஊதணும்.”

“இன்னா தொரை, அக்கான்னு கூப்ட்டுட்டு வூட்டாளு இல்லைன்னா எப்டி? நகரு.”

தாடி நடுங்கச் சிரித்துச் சட்டியை என் பக்கம் தள்ளினார். இருவருமாக ஊதினோம். தணல் சிவந்தது. அன்று கஞ்சியை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார்.

பிழைத்துக் கப்பலேறிப் போய்விட்டார். இங்கே பெருமழை பிடித்தால், நான் பார்த்தேயிராத அந்தத் தீவில் எங்கள் அடுப்பு நனையாமல் இருக்க வேண்டுமே என்று இன்றும் கவலைப்படுகிறேன்.