மோட்டார் கொட்டகையில் ஒட்டிய மனு

இன்னொருவன் எழுதிய இங்கிலீஷ் மனுவில் ஒரு 'தி' (the) விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்த அன்று நான் அடைந்த சந்தோஷத்தை, எனக்கு வேலை கிடைத்த அன்றுகூட அடைந்ததில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் நான் ஆங்கில வாத்தியார். கடைத்தெருவில் பத்தடிக்கு ஒருவர் நிறுத்துவார். "சார், 'கஸின் பிரதர்'னு எழுதலாமா?" "'ரெண்டு வருஷமா'ன்றதுக்கு 'சின்ஸா', 'ஃபாரா'?" நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். கோட்டை மலையைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். "ஆழமான விஷயம், நாளைக்கு வாங்க" என்பேன். வீட்டுக்குப் போய் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டி, மறுநாள் பிறவியிலேயே தெரிந்தவன்போலச் சொல்வேன். ஊர் மதித்தது. எனக்கு வேறு சொத்து கிடையாது.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெட்ராஸ்காரன் ஒருவன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் திறந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. யார் எது கேட்டாலும் விரல் நிற்காமல், தட்டிக்கொண்டே பதில் சொன்னான். அதுவும் சரியான பதில். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரே மாதத்தில் என் 'கஸின் பிரதர்' ஆசாமிகள் எல்லாரும் அவன் வாசலுக்குக் குடிபோய்விட்டார்கள்.

சிங்கவரத்து விவசாயி ஒருவர், கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு முன்பே என்னிடம் மனு எழுதி வாங்கியிருந்தார். இரண்டு பக்கம். கிணறு என்ற சொல் வருவதற்குள் முதல் பக்கம் தீர்ந்துவிடும். ஒரு வருஷமாகப் பதில் இல்லை. மெட்ராஸ்காரன் நாலே வரி தட்டிக் கொடுத்தான். மூன்றாம் மாதம் கம்பம் நட்டுவிட்டார்கள். அவருடைய முறை வந்திருக்கும், அதனால் கொடுத்திருப்பார்கள் என்று இன்றுவரை நம்பி வருகிறேன்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அந்த மனுவின் கார்பன் பிரதிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒட்டி, வெள்ளிக்கிழமைதோறும் அவர் கற்பூரம் காட்டுவதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என் எழுத்துக்கு யாரும் ஒரு ஊதுவத்திகூட ஏற்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் சைக்கிளை எடுத்தேன்.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. விவசாயி ஓடிவந்து கும்பிட்டார். நான் நேரே கொட்டகைக்குள் போய், சுவரில் மூக்கு உரச மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை சிக்கியது.

"இதுல தப்பு இருக்குதுய்யா!" மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

அவர் முகம் வெளுத்தது. "தப்பா? எங்க சார்?"

"இதோ, இங்க. ஒரு 'தி' வுட்டுப்போச்சு."

"லைன கட் பண்ணிடுவாங்களா?"

"அதெல்லாம் மாட்டாங்க."

"வேற மனு எழுதிக் குடுக்கணுமா?"

"வேணாம்."

"அபராதம் கிபராதம்..."

"இல்லய்யா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த அவர் மனைவி குரல் கொடுத்தார்: "இன்னாவாம்? சாரு எதுக்குக் கத்துறாரு?"

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்லியாம்" என்றார் அவர். "சாருதான் பாவம், வெயில்ல வந்துட்டாரு. கொஞ்சம் மோர் குடு."