செவ்வாழைக்குலை யாருக்குப் போனது?

மூன்று வருடங்களுக்கு முன், எங்கள் ஊர் சபையில் அறுப்பின் பண்டிகை நடந்த வாரம் அது. வெள்ளிக்கிழமை காலை கண் விழித்ததும் எங்கோ ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் புதுக்கடை ஊருக்குப் பக்கம். கரண்ட் போனால் பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் போடுவார்கள். ஆனால் எங்கள் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நான் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவன் இல்லை. "வெப்ராளம் பிடிச்ச மனுசன்" என்று கல்யாணமான முதல் மாதமே என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எழுந்து ஃபிரிட்ஜை அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. மொட்டைமாடி ஏறித் தண்ணீர் மோட்டாரைப் பார்த்தேன். அது சும்மா கிடந்தது. இறங்கி வந்து மெயின் சுவிட்சையே அணைத்தேன். வீடு அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. குளியலறையில் ஹீட்டர் நின்றுபோன கோபத்தில் மனைவி உள்ளே இருந்து கத்தினாள்.

அவள் கத்தல்கூட ஏதோ தூரத்தில் இருந்து வருவது போல் இருந்தது. சந்தேகப்பட்டு இடது காதைப் பொத்திப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. வலது காதைப் பொத்தினேன். மனைவி காணாமல் போனாள். ஜெனரேட்டர் மட்டும் ஓடியது.

முந்தின நாள்தான் வளைகுடாவில் இருந்து லீவுக்கு வந்திருந்த மச்சான் குடும்பத்தோடு திற்பரப்பு போய்க் குளித்துவிட்டு வந்திருந்தோம். எங்கள் பக்கத்தில் திற்பரப்பில் குளித்துவிட்டு வந்தவனுக்குத் தலை வலித்தாலும் கால் வலித்தாலும் குற்றவாளி அந்த அருவிதான்.

"செவியில வெள்ளம் கேறியிருக்கும். பூண்டு போட்டு எண்ணெ காச்சி விட்டா செரியாயிரும்" என்றாள் மனைவி. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. காய்ச்சின தேங்காய் எண்ணெயை இளஞ்சூட்டில் விட்டாள். நான் ஒருச்சாய்ந்து இரண்டு நிமிடம்கூடப் படுத்திருக்கவில்லை, எழுந்துவிட்டேன். கடையிலும் அதே கதைதான். எனக்கு பெயின்ட் கடை. கல்லாவுக்குப் பின்னால் நின்று தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை முக்கினேன். பிரைமர் வாங்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார். சனிக்கிழமையும் எண்ணெய்தான். தண்ணீரும் வெளியே வரவில்லை, சத்தமும் போகவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று தோன்றாமல் இல்லை. போனால் ஓய்வெடு என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏலம் இருந்தது.

அறுப்பின் பண்டிகை பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் விளைந்த முதல் பலனை ஆலயத்துக்குக் கொண்டு வருவோம். வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, கோழி, முட்டை என்று எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து அவற்றை ஏலம் விடுவோம். இருபது வருடமாக அந்த மைக் என் கையில்தான். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, கூட்டத்தில் யார் எந்த மூலையில் இருந்து வாயைத் திறந்தாலும் ஆளைப் பார்க்காமலே அந்தப் பக்கம் கையை நீட்டுவேன். "நம்ம அண்ணன் ஏலம் விட்டா கோழியே ஒரு வெல கேக்கும்" என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும்.

அன்றும் மைக்கைப் பிடித்தேன். முதல் நாலைந்து பொருள் எப்படியோ போனது. பிறகு ஒரு செவ்வாழைக்குலை வந்தது. ஆள் உயரம் இருக்கும், பார்த்தாலே வாங்கத் தோன்றும். எனக்கு வலப்பக்கம் நின்ற ரப்பர் வியாபாரி ஒருவர் கேட்டார். யாரோ கூட்டிக் கேட்டார்கள். அவர் கேட்டார். மறுபடி யாரோ கூட்டினார்கள். அவர்தான் தன் விலையைத் தானே ஏற்றுகிறார் என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் எல்லாக் குரலும் வலப்பக்கம் இருந்தே வந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லிக் குலையை அவர் காலடியில் வைக்கச் சொன்னேன்.

"நான் கடைசியில கேக்கல்லியே" என்றார் அவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏலத்தில கேட்டுட்டு மாத்திப் பேசப்பிடாது. ஆண்டவருக்கு உள்ளதுல்லா" என்று மைக்கிலேயே சொன்னேன். கூட்டம் சிரித்தது. அந்த மனிதர் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து ஒரு கூடை முட்டை. அதிலும் இதே குளறுபடி. இந்தத் தடவை கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. வியர்த்துக் கொட்டியது. காதுக்குள் ஜெனரேட்டர் இன்னும் வேகமாக ஓடியது. யார் பேசினாலும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் குடிக்க ஓரமாக வந்தபோது ஒரு அக்கா எதிரில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். எங்கள் சபை இல்லை, யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர். இடப்பக்கம் நின்று செவ்வாழைக்குலையைக் கடைசியாகக் கேட்டது அவர்தானாம். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒங்களுக்கு எடது செவி கேக்கல்ல, இல்லியா?" என்றார்.

திடுக்கிட்டுப் போனேன். "வெள்ளம் கேறியிருக்கு. நாளைக்குச் செரியாவும்."

"எத்தற நாளாச்சு? உள்ள இரைச்சலும் உண்டா?"

வெள்ளிக்கிழமையில் இருந்து என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "நானும் இப்பிடித்தான் வெள்ளம்ணு நெனச்சேன். மூணு வாரம் எண்ணெ விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனா, ஏன் இத்தற நாளு கழிச்சு வந்தியண்ணு டாக்டர் கேட்டாவ. என்ன மருந்து குடுத்தும் திரும்பி வரல்ல." தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "ஒத்தச் செவியா ஆனா சத்தம் எங்க இருந்து வருதுண்ணு தெரியாது. நீங்க தலயத் திருப்புனத கண்டப்பளே எனக்கு மனசிலாச்சு. நானும் அப்பிடித்தான் திருப்புவேன்."

ஏலம் முடிந்ததும் போகிறேன் என்றேன். அவர் நகரவில்லை. "குலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க இப்பம் பெட்டெண்ணு போங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. முன்பின் தெரியாத எனக்காகவா, போய்விட்ட தன் காதுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது பின்னால் இருந்து ஒரு கை என்னிடம் இருந்த மைக்கை வாங்கியது. ரப்பர் வியாபாரி. நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "நீங்க பெய்ட்டு வாங்க. இத நான் பாத்துக்கிடலாம்" என்றார். சற்று முன் ஊர் கூடின இடத்தில் நான் தலைகுனிய வைத்த மனிதர். மைக்கை விட்டுவிட்டு கூட்டத்தில் மனைவியைத் தேடிப் போனேன்.

அன்றே மனைவியோடு மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஞாயிறு என்பதால் காது டாக்டர் இல்லை. டியூட்டி டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே தண்ணீரும் இல்லை அழுக்கும் இல்லை, காலையில் முதல் ஆளாக வந்துவிடுங்கள் என்றார். தண்ணீர் இல்லை என்றதும் அந்த அக்காவின் மூன்று வாரத்தையும் என் மூன்று நாளையும் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை காது டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். சத்தம் வலப்பக்கம் மட்டும் கேட்டது. பிறகு சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் விடாமல் அமுக்கினேன். பரிசோதித்த பெண் கதவைத் திறந்து, "சார், நான் இன்னும் சவுண்டே குடுக்கல்ல" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

தண்ணீர் அல்ல, காது நரம்பு திடீரென்று செயலிழந்திருக்கிறது என்றார் டாக்டர். எண்ணெயால் கேடு வரவில்லை, ஆனால் நாள் போயிருக்கிறது. இதற்கு ஒவ்வொரு நாளும் முக்கியம், மாத்திரையை இன்றே தொடங்குவோம், முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

அடுத்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மாத்திரை வேறு உடம்பைச் சும்மா இருக்க விடவில்லை. பசி, படபடப்பு, எதற்கெடுத்தாலும் கோபம். காதருகே விரலைத் தேய்த்துப் பார்ப்பேன். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்ப்பேன். கடையில் இருந்து மணிக்கொரு தரம் மனைவிக்கு ஃபோன் போட்டு இடது காதில் வைத்துக்கொள்வேன். ஜெனரேட்டரைத் தவிர ஒன்றும் கேட்காது.

பத்தாவது நாளோ பதினொன்றாவது நாளோ, அப்படி வைத்தபோது தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல் ஒரு குரல் கேட்டது. "இனி ஒரு தடவ விளிச்சியண்ணா ஃபோனத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன், பாத்துக்கிடுங்க!"

கல்லாவில் ஆள் நிற்பதையும் மறந்து அழுதுவிட்டேன். "இன்னொரு தரம் ஏசுட்டி" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏசவில்லை, அவளும் அழுதாள்.

காது முக்கால்வாசி திரும்பிவிட்டது. இரைச்சல் முழுதாகப் போகவில்லை. வீடு அமைதியாகும்போது ராத்திரியில் கத்தும் சீவிடு பூச்சி போல மெல்லக் கேட்கும். ரப்பர் வியாபாரியின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் செவ்வாழைக்குலையை அன்றே அவர் அந்த அக்காவிடம் கொடுக்கப் பார்த்திருக்கிறார், அவர் வாங்காமல் போய்விட்டாராம். யார் வீட்டுக்கு வந்தவர் என்று பலரிடம் விசாரித்தும் எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் ஏலம் நான்தான் விடுகிறேன். விலை கேட்பவர்கள் கையைத் தூக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். செவ்வாழைக்குலை வரும்போது மட்டும் என் கண் தானாக இடப்பக்கம் போகும். தன் காது திரும்பாது என்று தெரிந்த ஒருவர், கேட்ட குலையும் கிடைக்காமல், என் காதைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போன இடம் அது.