அடினியத்துக்கு ஊற்றிய தண்ணீர்

பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே என் அடினியம் தொட்டி. நல்ல இடம் என்றுதான் நினைத்தேன்.

அடினியத்தின் அடிமரம் கிழங்கு மாதிரி உப்பியிருக்கும். உச்சியில் நாலைந்து கிளை, அதில் ரோஜா நிறத்தில் பூ. சித்திரை வெயிலில் மற்ற செடிகள் கருகும்போது இது பூக்கும். மண்ணைவிட மணலும் செங்கல் ஜல்லியும்தான் அதிகம் போட வேண்டும். தொட்டி மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் தூக்கி நட்டால், வேர் வெளியே தெரிந்து அழகு கூடும். பனிக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாகத் தூங்கும். அப்போது தண்ணீர் ஆகாது. அதற்கு வேண்டியதைக் கிழங்கிலேயே வைத்திருக்கும். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டே காலம் தள்ளிய எனக்கு, தண்ணீர் கேட்காத இந்தச் செடி மேல் தனிப் பிரியம்.

நான் விழுந்தது மார்கழியில். செடி மொட்டையாக நின்றது. என் மனைவி பதறிவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க படுத்ததும் இதும் வாடிப் போச்சுங்க. நான் உட்ருவனா?"

காலையும் மாலையும் சொம்பு நிறைய ஊற்றினாள். "குடி சாமி, குடி" என்று கொஞ்சல் வேறு. போர் போட்டால் புழுதி மட்டும் கிளம்புகிற ஊர் எங்களுடையது. எது காய்ந்து நின்றாலும் யாருக்கும் கை சும்மா இருக்காது. என்னைப் பார்க்க வந்தவர்கள்கூடப் போகும்போது பாட்டிலில் மிச்சமிருந்ததை அதில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

இடது கையை ஆட்டினேன். வேர்க்கிறது போல என்று ஃபேனைக் கூட்டினாள். கட்டிலைத் தட்டினேன். படுக்கைச் சட்டியை எடுத்து வந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சட்டியையே வீசியிருப்பேன், வலது கை மட்டும் கேட்டிருந்தால்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "இது தழைஞ்சா அவரும் எந்திரிச்சிருவாருன்னு மனசுல நெனச்சிருக்கறனுங்க."

அதற்கப்புறம் எனக்குச் செடியைப் பற்றிய கவலை போய், அவளைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. சொம்பு சாயும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன்.

தை முடிவதற்குள் கிழங்கு தொய்ந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே போய்விட்டது. அந்த விரலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

பிறகு கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். அப்போது எனக்குத் தண்ணீர்கூட லேசில் இறங்காது, இருமித் துப்பிவிடுவேன். அவள் என் தலையைத் தூக்கிப் பிடித்து, ஸ்பூனை வாயருகே கொண்டுவந்தாள்.

"குடிங்க சாமி" என்றாள்.

இருமல் வந்துவிடக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டு விழுங்கினேன்.